வேலை போய்விடுமோ என்ற அச்சம்: சில வரலாற்றுக் குறிப்புகள்

நான் வேலை செய்யும் தொழிற்சாலையின் உணவறைச் சுவரில் சில வாரங்களுக்கு முன் ஒரு காகிதம் ஒட்டப்பட்டது. உற்பத்தி வரிசைகள் மூன்றில் ஒன்று மூடப்படவுள்ளது. தொழிலாளர் சபையுடன் பேச்சுக்கள் ஆரம்பித்துள்ளன. எத்தனை பேர் பாதிக்கப்படுவார்கள் என்பது பின்னர் அறிவிக்கப்படும். அவ்வளவுதான்.

அன்றிலிருந்து உணவறையின் தோற்றமே மாறிவிட்டது. சுகவீன விடுமுறை எடுப்பவர் இல்லை. இருமிக்கொண்டும் வேலைக்கு வருகிறார்கள். ஆறு மணி வேலைக்கு ஐந்தே முக்காலுக்கு வந்து நின்றவர்கள் இப்போது ஐந்தரைக்கே நிற்கிறார்கள். துருக்கியர் ஒரு மேசை, போலந்துக்காரர் ஒரு மேசை, ஜேர்மனியர் ஒரு மேசை, நாங்கள் நான்கு தமிழர் ஒரு மேசை. ஒவ்வொரு மேசையிலும் அடுத்த மேசையைப் பற்றிய கணக்கு நடக்கிறது: யார் எப்போது சேர்ந்தவர், யாருக்கு எத்தனை பிள்ளைகள், யார் மேற்பார்வையாளருக்கு நெருக்கமானவர்.

ஊரில் நான் வரலாற்று விரிவுரையாளனாக இருந்தவன். இங்கு இருபது வருடங்களுக்கு மேலாக இந்த இயந்திரத்தின் முன் நிற்கிறேன். இத்தனை காலத்தில் ஒருநாளாவது இதை 'என்னுடைய வேலை' என்று நான் சொன்னதில்லை. இது வயிற்றுக்காக, என் வேலை வாசிப்பும் எழுத்தும் என்றே எனக்கும் மற்றவர்களுக்கும் கூறிவந்தேன். அந்தக் காகிதத்தைப் பார்த்த இரவு நித்திரை வரவில்லை. போய்விடும் என்றபோதுதான் அது என்னுடையது என்று தெரிந்தது.

நமது சஞ்சிகைகளில் தேசியம், அடையாளம், மொழி, சாதி, பெண்விடுதலை என்று நிறையவே விவாதித்திருக்கிறோம். ஆனால் நம்மில் பெரும்பாலானோரை இரவில் விழித்திருக்கச் செய்யும் இந்த அச்சத்தைப் பற்றி எழுதியது மிகக் குறைவு. அகதிக்கு வேலை என்பது சம்பளம் மட்டுமல்ல. விசாவைப் புதுப்பிக்கும்போதும், குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும்போதும், மனைவியையோ கணவனையோ கூப்பிடும்போதும் சம்பளத் துண்டைத்தான் கேட்கிறார்கள். ஊரில் ஒரு குடும்பமும் அதே துண்டை நம்பியிருக்கிறது.

இந்த அச்சத்தைச் சமாளிப்பதற்கு ஆலோசனை கூறும் துண்டுப்பிரசுரங்களுக்கு இங்கு குறைவில்லை. மூச்சை ஆழமாக இழுங்கள், வரவுசெலவைத் திட்டமிடுங்கள், புதிய தொழிலொன்றைக் கற்றுக்கொள்ளுங்கள் என்கின்றன. தவறான ஆலோசனைகள் அல்ல. ஆனால் அவையெல்லாம் இந்த அச்சத்தைத் தனிமனிதனுக்கு வந்த ஒரு நோயாகவே கருதுகின்றன. பழைய தொழில் என்னை வேறொரு கேள்வியின் பக்கம் இழுக்கின்றது: நமக்கு முன் இதே அச்சத்தோடு வாழ்ந்தவர்கள் அதை என்ன செய்தார்கள்? அந்த அச்சம் அவர்களை என்ன செய்தது? இலங்கையில் இரண்டு, ஐரோப்பாவில் இரண்டு என நான்கு அனுபவங்களை இங்கு எடுத்துக்கொள்கிறேன்.

1. கொழும்பு: அயலவன் மீது திரும்பிய அச்சம்

1923 இல் கொழும்பு நகரம் ஒரு பொது வேலைநிறுத்தத்தைக் கண்டது. தலைமை தாங்கியவர் ஏ. ஈ. குணசிங்க. 1922 இல் உருவான அவரது தொழிற்சங்கத்தில் சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் மலையாளிகளும் ஒன்றாகவே இருந்தனர். 1929 இல் டிராம் வண்டித் தொழிலாளரின் வேலைநிறுத்தத்தையும் அவரே நடத்தினார். நகரத் தொழிலாளியைத் தலைநிமிர்த்தி நிற்கவைத்தவர் என்று அவரைச் சொல்வதில் மிகையில்லை.

பிறகு உலகப் பொருளாதார மந்தம் வந்தது. றப்பர், தேயிலை விலைகள் வீழ்ந்தன. துறைமுகத்தில் வேலை குறைந்தது. வேலை போய்விடும் என்ற அச்சம் கொழும்பின் தொழிலாளர் குடியிருப்புகளுக்குள் புகுந்தது. அவ்வேளையில் அதே குணசிங்க அந்த அச்சத்துக்கு ஒரு விலாசத்தைக் கொடுத்தார்: மலையாளி. குறைந்த கூலிக்கு வந்து நமது வேலையைப் பறிப்பவன் அவனே என்ற பிரசாரம் 1930களில் உக்கிரமடைந்தது. 1933 இல் வெள்ளவத்தை நெசவாலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது அவர் அதற்கு எதிராக நின்றார். கொல்வின் ஆர். டி சில்வாவும் ஏனைய இளம் இடதுசாரிகளும் மறுபுறம் நின்றனர். பத்து வருடங்களுக்குள் ஒரு தொழிற்சங்கத் தலைவர் வேலைநிறுத்தத்தை உடைப்பவராக மாறிய இந்தக் கதையைக் குமாரி ஜயவர்த்தன 1972 இல் வெளிவந்த தமது நூலில் விரிவாக ஆராய்ந்திருக்கிறார்.

அது அங்கு நிற்கவில்லை. 1939 இல் அரசாங்கத் திணைக்களங்களில் நாட்கூலிகளாக இருந்த இந்தியத் தொழிலாளரை வெளியேற்ற முடிவு செய்யப்பட்டது. அதைப் பற்றிப் பேச நேரு கொழும்புக்கு வந்தார். இலங்கை இந்திய காங்கிரஸ் அந்தச் சூழலில்தான் பிறந்தது. 1948 இல் மலையகத் தமிழரின் குடியுரிமை பறிக்கப்பட்டதற்கும் அந்தப் பிரசாரம் தயார்படுத்திய மனநிலைக்கும் தொடர்பில்லை என்று எவர் கூறமுடியும்?

குணசிங்கவைச் சுற்றி நின்ற தொழிலாளி கொடியவன் அல்லன். அவனுடைய பயம் உண்மையானது. ஆனால் றப்பர் விலையை வீழ்த்தியது மலையாளி அல்ல. மலையாளியை விரட்டியதனால் றப்பர் விலை ஏறவுமில்லை.

2. மரியென்தால்: உள்ளே திரும்பிய அச்சம்

ஏறத்தாழ அதே காலத்தில், வியன்னாவுக்கு அருகில் மரியென்தால் என்றொரு கிராமம். கிராமம் முழுவதும் ஒரே நெசவுத் தொழிற்சாலையில் தங்கியிருந்தது. 1929க்கும் 1930க்கும் இடையில் அது படிப்படியாக மூடப்பட்டது. 478 குடும்பங்களில் முக்கால் பங்குக்கும் மேற்பட்டவற்றில் வேலை செய்பவர் ஒருவர்கூட இல்லாமற் போயினர். மரீ யஹோடா, பவுல் லாசர்ஸ்பெல்ட், ஹான்ஸ் சைஸல் ஆகிய மூன்று இளம் ஆய்வாளர்களும் அவர்களது குழுவினரும் அங்கு சென்று மக்களோடு பழகி எழுதிய நூல் 1933 இல் வெளிவந்தது. வேலையின்மையைப் பற்றிய முன்னோடி ஆய்வாக அது இன்றும் வாசிக்கப்படுகிறது.

வேலையிழந்த தொழிலாளி கோபங்கொண்டு எழுவான் என்ற எதிர்பார்ப்பு அக்கால இடதுசாரிகளிடம் இருந்தது. ஆய்வாளர்கள் கண்டதோ வேறு. மனிதர்கள் சுருங்கிப் போயிருந்தனர். ஒரு ஜன்னலில் மறைந்திருந்து தெருவில் நடப்பவர்களின் வேகத்தையும் அவர்கள் எத்தனை தடவை நிற்கிறார்கள் என்பதையும் அவர்கள் கணக்கெடுத்தனர். வீட்டுவேலை குறையாத பெண்கள் விரைந்து நடந்தனர். போவதற்கு இடமில்லாத ஆண்கள் அடிக்கடி நின்று நின்று நடந்தனர். வாசிக்க முழுநாளும் இருந்தது; ஆனால் கிராம நூலகத்திலிருந்து இரவல் எடுக்கப்பட்ட நூல்களின் தொகை 1929க்கும் 1931க்கும் இடையில் ஏறக்குறைய அரைவாசியாகக் குறைந்தது. வேலை போனால் நிறைய வாசிக்கலாம், எழுதலாம் என்று எண்ணும் நம்மைப் போன்றவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இன்னொன்றும் அங்கு நடந்தது. உதவிப்பணம் பெறுகிறவர் கள்ளமாக வேலையும் செய்கிறார் என்று அயலவரைப் பற்றிப் பெயரில்லாக் கடிதங்கள் அதிகாரிகளுக்குப் போயின. வறுமை கூடக்கூட அத்தகைய கடிதங்களும் கூடின. விசாரித்தபோது பல ஆதாரமற்றவையாக இருந்தன.

இந்த ஆய்வாளர்களும் பின்னர் நம்மைப் போல அகதிகளாயினர். லாசர்ஸ்பெல்ட் 1933 இல் அமெரிக்காவுக்குப் போனார். யஹோடா 1936 இல் ஒஸ்ரியாவில் கைதாகி, அடுத்த வருடம் இங்கிலாந்துக்குத் தப்பினார். வேலை சம்பளத்தோடு வேறு ஐந்தையும் தருகிறது என்று பிற்காலத்தில் அவர் எழுதினார்: நாளுக்கு ஓர் ஒழுங்கு, குடும்பத்துக்கு வெளியே மனிதத் தொடர்பு, தன்னைவிடப் பெரிய ஒரு கூட்டு நோக்கத்தில் பங்கு, சமூகத்தில் ஓர் இடம், தொடர்ந்து இயங்கவேண்டிய தேவை. ஊரையும் உறவையும் பதவியையும் ஏற்கெனவே இழந்தவனுக்கு இந்த ஐந்தும் ஒரே வாசலுக்குள்தான் கிடைக்கின்றன. ஆகவே அகதியின் பயம் சற்று அதிகமாக இருப்பதில் வெட்கப்பட ஏதுமில்லை.

3. 1980 ஜூலை: நாம் மறந்துவிட்ட ஆடி

ஜூலை என்றால் நமக்கு 1983 மட்டுமே. அதற்கு மூன்று வருடங்களுக்கு முன்னர் வந்த ஜூலையை நம் வீட்டில் மறக்க முடியவில்லை. என் ஐயா கொழும்பில் ஓர் அரசாங்கத் திணைக்களத்தில் எழுதுவினைஞராக இருந்தவர்.

1977 இல் வந்த திறந்த பொருளாதாரம் விலைவாசியை ஏற்றியது. 1979 இல் அரிசி மானியத்தின் இடத்துக்கு உணவு முத்திரை வந்தது. 300 ரூபா சம்பள உயர்வு கோரித் தொழிற்சங்கங்கள் ஒன்றுசேர்ந்தன. 1980 ஜூனில் நடந்த மறியலில் ஆளுங்கட்சியினரின் தாக்குதலில் சோமபால என்ற தொழிலாளி கொல்லப்பட்டார். ஜூலை நடுப்பகுதியில் பொது வேலைநிறுத்தம் தொடங்கியது. ஜே. ஆர். ஜயவர்த்தனவின் அரசாங்கம் அவசரகாலச் சட்டத்தைக் கொண்டுவந்தது. வேலைக்கு வராதவர்கள் தாமாகவே பதவியை விட்டு விலகியவர்களாகக் கருதப்படுவர் என அறிவித்தது. நாற்பதாயிரம் வரையான அரச ஊழியர்கள் வேலையிழந்தனர். பலர் தற்கொலை செய்துகொண்டனர். ஜே.வி.பி. அந்த வேலைநிறுத்தத்தில் சேரவில்லை. ஆளுங்கட்சியின் தொழிற்சங்கமான ஜாதிக சேவக சங்கமயவோ அதை உடைப்பதில் முன்னின்றது.

எனக்கு அப்போது பத்து வயது. ஐயா ஒரு தோற்பையோடு மெயில் வண்டியில் வந்து இறங்கியது நினைவிருக்கிறது. ஊரார் அவர் முகத்துக்கு முன் ஆறுதல் சொன்னார்கள். பின்னால் சொன்னது வேறு: "சிங்களவனோடை சேந்து ஸ்ரைக் பண்ணப் போய் வேலையைத் துலைச்ச மனிசன்." அவர் பிறகு திண்ணையில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தே எங்களை வளர்த்தார். அவரோடு சேர்ந்து வேலையிழந்த ஒரு சிங்கள நண்பர், மீண்டும் வேலையில் சேர்ப்பதற்கான போராட்டம் பற்றிச் சில மாதங்களுக்கு ஒருமுறை ஆங்கிலத்தில் கடிதம் எழுதுவார். 1983 ஆடிக்குப் பிறகு அவர் கடிதம் வரவில்லை. எங்கள் வீட்டிலிருந்தும் போகவில்லை.

இங்கு நான் முன்வைக்க விரும்பும் கருத்தைப் பலர் ஏற்கமாட்டார்கள் என்பது தெரியும். 1983 ஜூலையில் கொழும்பில் நம்மைக் காக்க ஓர் அமைப்பேனும் தெருவில் இறங்கவில்லையே என்று கேட்கிறோம். இறங்கக்கூடியதாக இருந்த ஒரே சக்தியான தொழிற்சங்கங்களின் முதுகெலும்பு 1980 இலேயே முறிக்கப்பட்டுவிட்டது. வேலையில் எஞ்சியிருந்த ஒவ்வொருவரும் அந்த நாற்பதாயிரம் பேரையும் மனதில் வைத்துக்கொண்டே வாய் திறந்தார்கள், அல்லது மூடினார்கள். வேலைநிறுத்தத்தை உடைக்கப் பழகிய கைகளில் பல, 1983 இல் தமிழரின் கடைகளை உடைக்கவும் வந்தன.

இதைச் சொல்லும்போது இடதுசாரிகளின் பாவத்தை நான் மறைக்கவில்லை. 1966 ஜனவரி 8 இல் தமிழ்மொழி ஒழுங்குவிதிகளுக்கு எதிராக ஊர்வலம் போனவர்களில் அவர்களும் இருந்தார்கள். அந்தத் துரோகம் உண்மை. அதேபோல 1947 ஜூன் 5 இல், பொது வேலைநிறுத்த ஊர்வலத்தில் பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டில் இறந்த கந்தசாமி என்ற தமிழ் எழுதுவினைஞரும் உண்மை. சிங்களத் தொழிலாளர்கள் பல வருடங்கள் அவரை நினைவுகூர்ந்தார்கள். நமது தியாகிகள் பட்டியல்களில் அவர் பெயரைத் தேடிப் பாருங்கள்.

4. ஒரே மாதத்தில் இரண்டு தொழிற்சாலைகள்

இனி, காலத்தில் சற்றுப் பின்சென்று, இப்போது நான் வாழும் நாட்டுக்கு வருகிறேன். நாம் வருவதற்கு முன்னரே இங்கு வந்து இந்த இயந்திரங்களின் முன் நின்றவர்களின் கதை இது.

1973 ஓகஸ்டில் கொலோன் நகரிலுள்ள ஃபோர்ட் கார்த் தொழிற்சாலையில், கோடை விடுமுறையில் ஊருக்குப் போய்த் தாமதமாகத் திரும்பிய ஏறத்தாழ 300 துருக்கியத் தொழிலாளர்கள் நீக்கப்பட்டனர். அவர்களைத் திரும்ப எடுக்கவேண்டும், மணித்தியாலத்துக்கு ஒரு மார்க் உயர்த்தவேண்டும், வரிசையின் வேகத்தைக் குறைக்கவேண்டும் என்று கோரி ஆயிரக்கணக்கான துருக்கியர் வேலையை நிறுத்தினர். தொழிற்சங்கம் ஆதரவளிக்கவில்லை. ஜேர்மன் தொழிலாளர்களில் பெரும்பாலானோர் ஒதுங்கி நின்றனர். சிலர் எதிர் ஊர்வலமும் போயினர். ஒரு வாரத்துக்குள் பொலிஸாரின் துணையோடு அது முறியடிக்கப்பட்டது. முன்னின்றவர்கள் நீக்கப்பட்டனர், மேலும் பலர் தாமாக விலகும்படி நெருக்கப்பட்டனர்.

அதே மாதத்தில், அங்கிருந்து அதிக தூரமில்லாத நொய்ஸ் நகரில், காபரேற்றர் செய்யும் பியர்பூர்க் தொழிற்சாலையில் நடந்தது வேறு. அங்கு வேலை செய்தவர்களில் பெரும்பாலானோர் யூகோஸ்லாவியா, துருக்கி, கிரேக்கம், ஸ்பெயின், இத்தாலி ஆகிய நாடுகளிலிருந்து வந்த பெண்கள். 'இலகு வேலை' என்ற பெயரில் பெண்களுக்கென ஒரு தாழ்ந்த சம்பளப் படி இருந்தது. அதை ஒழிக்கக் கோரி அவர்கள் வாசலில் நின்றனர். முதல் நாளே பொலிஸ் அடித்தது. பெண்கள் கலையவில்லை. சில நாட்களில், நல்ல சம்பளமும் பாதுகாப்பும் உள்ள ஜேர்மன் தேர்ச்சித் தொழிலாளர்கள் தமது கருவிகளை வைத்துவிட்டு வெளியே வந்து அவர்களோடு நின்றனர். நிர்வாகம் இறங்கி வந்தது. தாழ்ந்த சம்பளப் படி ஒழிந்தது, சம்பளமும் கூடியது.

இரண்டு இடத்திலும் பயம் ஒன்றுதான். வேலை போனால் வதிவிட அனுமதியும் போகக்கூடும் என்ற பயம் நொய்ஸ் பெண்களுக்கும் இருந்தது. அவ்வருடம் நவம்பர் 23 இல் ஜேர்மனி வெளிநாட்டுத் தொழிலாளரை எடுப்பதையே நிறுத்தியதை நினைத்தால் அந்தப் பயம் வீணானதல்ல என்பது விளங்கும். வேறுபாடு, அடுத்த மேசையில் இருந்தவர்கள் எழுந்து வந்தார்களா என்பதில்தான் இருந்தது. நொய்ஸ் வெற்றி பெரியதொரு புரட்சியல்ல. ஆனால் நான் எடுத்துக்கொண்ட நான்கு அனுபவங்களில் அச்சத்தைச் சுமந்தவர்கள் சிறிதளவாவது நிமிர்ந்து போனது அங்கு மட்டுமே.

முடிவாக

இவ்வளவையும் எழுதிவிட்டு ஒன்றை மறைக்க மனம் இடந்தரவில்லை. காகிதம் ஒட்டப்பட்ட அடுத்த வாரம் மேற்பார்வையாளர் என்னிடம் சாதாரணமாகக் கேட்பது போலக் கேட்டார்: உங்கள் வரிசையில் யார் மெதுவாக வேலை செய்கிறார்? வாடகைக்கு ஆட்களை அனுப்பும் நிறுவனம் ஒன்றின் மூலம் வந்த எரித்திரிய இளைஞன் ஒருவனின் பெயரைச் சொன்னேன். மாதமுடிவில் அவன் வரவில்லை. நான் சொன்னது பொய்யல்ல. அவன் மெதுவாகத்தான் செய்தான். வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. முதல் மூன்று மாதம் நானும் மெதுவாகத்தான் செய்தேன். அப்போது என்னைக் காட்டிக்கொடுக்காதவர் ஒரு துருக்கியர். குணசிங்கவை விமர்சித்து மாணவர்களுக்குப் பல வருடங்கள் விரிவுரை நடத்தியவன் நான். அதற்கு எனக்கு ஒரு கேள்வியும் ஒரு நிமிடமும் மட்டுமே தேவைப்பட்டன. மரியென்தாலில் பெயரில்லாமல் கடிதம் எழுதியவனை இப்போது எனக்கு நன்றாகவே தெரியும்.

அதன் பிறகு செய்தது பெரிதாக ஒன்றுமில்லை. தொழிலாளர் சபையில் உள்ள துருக்கியப் பெண்மணியின் மேசையில் போய் இருந்து விபரம் கேட்டேன். பலருக்கும் தெரியாதவை அங்கு தெரிந்தன. வேலைக்குறைப்பு நடக்கும்போது நிர்வாகம் விரும்பியபடி பெயர் பொறுக்க முடியாது. சேவைக்காலம், வயது, பராமரிக்கவேண்டிய குடும்பம், கடும் அங்கவீனம் ஆகிய நான்கையும் பார்க்கவேண்டும். எந்த நீக்கத்துக்கும் முன் தொழிலாளர் சபையைக் கேட்டாகவேண்டும். கேட்காத நீக்கம் செல்லாது. நீக்கக் கடிதம் கையில் கிடைத்து மூன்று வாரத்துக்குள் தொழில் நீதிமன்றத்துக்குப் போகவேண்டும். பிந்தினால் உரிமை போய்விடும். இவற்றைத் தமிழில் ஒரு பக்கத்தில் எழுதி எங்கள் மேசையில் வாசித்தேன். போலந்து நண்பர் ஒருவர் தன் மொழியில் எழுதிக்கொண்டு போனார். வாடகைத் தொழிலாளரை இந்தப் பாதுகாப்புகள் எங்கள் வாசலில் காப்பதில்லை என்பதையும் அன்றுதான் பேசினோம். அவர்களுக்காகக் கேட்க யாராவது இருக்கவேண்டும் என்று ஒருவர் சொன்னார். நான் தலையைக் குனிந்துகொண்டிருந்தேன்.

பயம் போய்விட்டதா என்றால், இல்லை. பட்டியல் இன்னும் வரவில்லை. என் பெயர் அதில் இருக்கவும் கூடும். ஆனால் எனது கணக்கையே இரவில் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்த நிலை சற்று மாறியிருக்கிறது. அந்த இளைஞனின் தொலைபேசி இலக்கத்தை விசாரித்துக்கொண்டிருக்கிறேன். கிடைத்தால் என்ன சொல்வது என்று தெரியவில்லை.

1980 பற்றி நான் கூறியவற்றுக்கு மறுப்புகள் வரும். வரவேண்டும். அவற்றோடு, தத்தம் தொழிற்சாலைகளிலும் உணவகச் சமையலறைகளிலும் இந்த அச்சத்தை எப்படி எதிர்கொண்டீர்கள் என்பதையும் நண்பர்கள் எழுதினால், அடுத்த இதழ்களில் இவ்விவாதம் பயனுள்ளதாகத் தொடரும்.